ஒரு கப் மைதா எத்தனை கிராம்?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கோத்தகிரியில் வீட்டிலேயே கேக் செய்து ஆர்டருக்குக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். மாமியாரின் நோட்டில் இருக்கும் செய்முறைகள் படி, ஆழாக்கு, டம்ளர் கணக்கில் உள்ளன. இணையத்தில் எடுத்த கேரட் கேக் செய்முறை கப், ஸ்பூன் கணக்கில் இருக்கிறது. எல்லாவற்றையும் கிராமுக்கு மாற்ற உட்கார்ந்தால், ஒரு கப் மைதா ஓரிடத்தில் 120 கிராம், இன்னோரிடத்தில் 125, வேறோரிடத்தில் 150 என்கிறார்கள். எதை எடுப்பது? மாற்றிச் செய்தும் கேக் நடுவில் குழிந்துவிடுகிறது; அது அளவுக் கோளாறா, மலைக் கோளாறா?

மூன்று எண்ணும் சரிதான், அதனால்தான் தலைவலி. அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியல் 125 என்கிறது. அதே நாட்டு மாவுக் கம்பெனியான கிங் ஆர்தர் 120 என்கிறது. ஆஸ்திரேலியச் சமையல் புத்தகங்களில் பெரும்பாலும் 150. கப்பே நாட்டுக்கு நாடு வேறு என்பது ஒரு காரணம். அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, பாக்கெட் லேபிள்களில் அதை 240 என்று முழுசாக்கிக்கொள்வார்கள். ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. ஆனால் 240க்கும் 250க்கும் நடுவில் 4 சதவீத வித்தியாசம்தான் இருக்கிறது. 120க்கும் 150க்கும் நடுவில் 25 சதவீதம். மீதி வித்தியாசம் முழுக்க மாவைக் கப்பில் போடும் விதத்தில் வருகிறது.

உங்கள் வீட்டு மைதா டப்பாவிலேயே பார்க்கலாம். மாவை ஸ்பூனால் கிளறிவிட்டு, அள்ளி அள்ளிக் கப்பில் மெதுவாகப் போட்டு, கத்தியின் முதுகால் தலைதட்டுங்கள். அமெரிக்கக் கப் என்றால் 120, 125 கிராம் நிற்கும். அதே கப்பை டப்பாவுக்குள் நேராக விட்டு முகந்து தலைதட்டினால் 140, 150. முகந்த பிறகு மேடையில் இரண்டு தட்டு தட்டி, குழிந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் போட்டால் 150ஐயும் தாண்டும். சலித்த மாவை அளந்தால் 115க்குக் கீழே வரும். மைதா தலையணைப் பஞ்சு மாதிரி, உதறினால் உப்பும், அமுக்கினால் அடங்கும். செய்முறையில் 'சலித்த மைதா 1 கப்' என்றிருந்தால் சலித்துவிட்டு அளக்க வேண்டும். 'மைதா 1 கப், சலிக்கவும்' என்றிருந்தால் அளந்துவிட்டுச் சலிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பிடி மாவு போய்விடும்.

மாற்றும் கணக்கு ஒரே வரிதான்: மில்லியை அடர்த்தியால் பெருக்கினால் கிராம். தண்ணீரின் அடர்த்தி 1, அதனால் 100 மில்லி 100 கிராம். பொருளை மூன்று இனமாகப் பிரித்துக்கொண்டால் எந்த இடத்தில் பட்டியலை நம்பலாம், எந்த இடத்தில் கூடாது என்பது விளங்கிவிடும்.

திரவங்களில் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். பால், தயிர் இரண்டும் தண்ணீரைவிட ஒரு மூன்று சதவீதம் கனம். ஒரு அமெரிக்கக் கப் பால் 244 கிராம். எண்ணெய்க்குப் பட்டியலே வேண்டாம், கடையில் வாங்கும் ஒரு லிட்டர் பாக்கெட்டிலேயே பக்கத்தில் 910 கிராம் என்று போட்டிருப்பான். நெய்யில் 905. ஆக எண்ணெய், நெய் எதுவானாலும் மில்லியில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் கிராம் வந்துவிடும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: நம் ஊர்க் குளிரில் நெய் கட்டியாகத்தான் இருக்கும். கட்டி நெய்யைக் கப்பில் அமுக்கினால் இடையில் காற்றுப் பொந்துகள் விழும், கப் நிறைந்த மாதிரித் தெரியும், எடை குறைவாக இருக்கும். தராசில் வைத்தால் கட்டியானாலும் உருக்கினாலும் ஒரே எடை.

தேன் இதற்கு நேர் எதிர். ஒரு லிட்டர் தேன் ஏறக்குறைய 1.4 கிலோ. மலையில் தேன் பெரும்பாலும் பழைய 750 மில்லி பாட்டிலில் வருகிறது. 'முக்கால் லிட்டர்தானே' என்று நினைப்போம், ஆனால் கழுத்து வரை நிரப்பிய பாட்டிலில் ஒரு கிலோவுக்கு மேலேயே தேன் இருக்கும். ஒருவர் ஒரு கிலோ என்றும் இன்னொருவர் ஒரு லிட்டர் என்றும் ஒரே விலை சொன்னால், லிட்டர்காரரிடம் வாங்குங்கள். அதே பாட்டிலில் வரும் தேன் தண்ணியாக இருந்து ஒரு கிலோ எடைகூடத் தேறவில்லை என்றால் அதில் ஈரம் அதிகம். கேக்கில் ஊற்றும்போது பாலையோ தண்ணீரையோ கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது இனம் சர்க்கரை, தூள் உப்பு, அரிசி, உளுந்து, ரவை. இவை அமுங்காது, குலுக்கினால் கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். சர்க்கரை அமெரிக்கக் கப்புக்கு 200 கிராம், ரவை 167, அரிசி 185 சொச்சம். ஐந்து கிராம் முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. கல்லுப்பு மட்டும் விதிவிலக்கு. ஒரு டீஸ்பூன் தூள் உப்பு 6 கிராம் நிற்கும். கல்லுப்பு பரலின் அளவைப் பொறுத்துக் கணிசமாகக் குறையும். நாட்டுச்சர்க்கரையையும் இந்த இனத்தில் சேர்க்காதீர்கள். அது ஈரம் பிடித்துக் கட்டி கட்டியாக இருக்கும், அதற்குத் தராசுதான்.

மூன்றாவது இனம் மாவு வகைகள்: மைதா, கோதுமை மாவு, கடலை மாவு, ராகி மாவு, கோக்கோ, ஐசிங் சர்க்கரை. இங்கேதான் பட்டியல் கைவிடும். கோக்கோவுக்கு ஒரு பட்டியல் 85 என்கிறது, இன்னொன்று 100 என்கிறது. ராகி மாவு மில்லில் அரைத்ததா, பாக்கெட்டா, எவ்வளவு நைசு என்பதைப் பொறுத்தே மாறிவிடும். துருவிய கேரட், துருவிய தேங்காய், நறுக்கிய பருப்புகளும் இந்தக் கூட்டம்தான். துருவலின் கண் எவ்வளவு சின்னதோ அவ்வளவு அதிகம் கப்பில் அடங்கும்.

இப்போது உங்கள் இரண்டு வகைச் செய்முறைகளுக்கு வருகிறேன். இரண்டையும் ஒரே பட்டியலை வைத்து மாற்றப் பார்த்ததில்தான் சிக்கல் என்று நினைக்கிறேன். மாமியாரின் 'டம்ளர்' அவர் வீட்டு டம்ளர், அவர் கை. இணையத்துக் 'கப்' அதை எழுதியவரின் கப், அவர் கை. உங்கள் கை இரண்டிலும் இல்லை.

நோட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்த டம்ளர் இன்னும் வீட்டில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. காலி டம்ளரைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கும் பொத்தானை அழுத்துங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராமே அந்த டம்ளரின் மில்லி. சில்வர் டம்ளர்கள் 150லிருந்து 250 வரை எதுவாகவும் இருக்கும். பார்த்தால் தெரியாது, அடிப்பாகம் குறுகலாக இருப்பது கண்ணை ஏமாற்றும். அப்புறம் டம்ளரை நன்றாகத் துடைத்து, மாவு, சர்க்கரை, ரவை என்று ஒவ்வொன்றாக அளந்து எடை பாருங்கள். இதில் முக்கியமான விஷயம், நீங்கள் அளக்கக் கூடாது. 'அத்தை, நீங்க எப்பவும் போடற மாதிரியே போடுங்க' என்று சொல்லிவிட்டுத் தராசை மட்டும் பாருங்கள். அவர் டம்ளரைத் தட்டுகிறாரா, கும்பமாக எடுக்கிறாரா, தலைதட்டுகிறாரா என்பதெல்லாம் நோட்டில் எழுதியிருக்காது. ஒரே பொருளை மூன்று தடவை போடச் சொல்லுங்கள். மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் நடு எண்ணை எழுதிக்கொள்ளலாம். வயதானவர்களின் கை ஆச்சரியப்படும் அளவுக்கு ஒரே மாதிரி அளக்கும்.

படி, ஆழாக்கு விஷயத்தில் உறவுமுறை மட்டும் நிச்சயம்: 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி. ஆக படிக்கு 8 ஆழாக்கு. பட்டியல்களில் ஆழாக்கு 168 மில்லி, படி 1.34 லிட்டர் என்று போடுகிறார்கள். ஆனால் பட்டணம் படி, சின்னப் படி என்று ஊருக்கு ஊர் படி மாறியது. மலைக்குச் சமவெளியிலிருந்து பல ஊர்க்காரர்கள் பிழைக்க வந்தார்கள், வரும்போது அவரவர் படியையும் கொண்டுவந்தார்கள். வீட்டுப் பரணில் இரும்புப் படியோ பித்தளை ஆழாக்கோ கிடந்தால் இறக்கித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இல்லையென்றால் 168ஐ வைத்துக்கொண்டு, மாவையும் சர்க்கரையையும் ஒரே ஆழாக்கால் அளந்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். ஒரே பாத்திரத்தால் அளந்திருந்தால் விகிதம் காப்பாற்றப்படும். மொத்தம் கூடுமே, குறையுமே தவிர பண்டம் கெடாது.

பழைய நோட்டுகளில் எடை அளவுகளும் கலந்து வரும், அவற்றில் பயமே வேண்டாம். ஒரு பலம் 35 கிராம். நம் பக்கத்துச் சேர் 8 பலம், அதாவது 280 கிராம் (வடக்கே சேர் என்றால் 933 கிராம், குழப்பிக்கொள்ளாதீர்கள்). வீசை 40 பலம், 1.4 கிலோ. வெள்ளைக்காரர் வீடுகளில் சமையல் வேலை பார்த்தவர்களின் குடும்ப நோட்டுகளில் ராத்தல், அவுன்ஸ் இருக்கும். ராத்தல் 454 கிராம், அவுன்ஸ் 28 சொச்சம். 1956ல் சட்டம் வந்து, அறுபதுகளின் தொடக்கத்தில் கிலோ, லிட்டர் கட்டாயமான பிறகும் வெண்ணெயையும் ரொட்டியையும் ராத்தலில் சொல்லும் பழக்கம் பெரியவர்களிடம் வெகுகாலம் இருந்தது. அதனால் எழுபதுகளில் எழுதிய நோட்டில் ராத்தலைப் பார்த்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

அவுன்ஸில் ஒரு பொறி உண்டு. அமெரிக்கச் செய்முறையில் பாலுக்கு 8 அவுன்ஸ் என்றால் அது அளவை அவுன்ஸ், ஒரு கப். சாக்லேட்டுக்கோ மாவுக்கோ 8 அவுன்ஸ் என்றால் அது எடை, 227 கிராம். '8 அவுன்ஸ் மைதா, ஒரு கப்தானே' என்று நினைத்தால் மாவு கிட்டத்தட்ட பாதியாகிவிடும்.

இணையத்துச் செய்முறைக்கு வழி வேறு. எழுதியவர் எங்காவது கிராமும் கொடுத்திருக்கிறாரா என்று தேடுங்கள். அந்தச் செய்முறையில் இல்லாவிட்டாலும் அவருடைய வேறொன்றில் இருக்கலாம். அவர் ஒரு கப்பை 140 என்று வைத்திருந்தால் நீங்களும் 140. எதுவும் கிடைக்கவில்லை, எழுதியவர் அமெரிக்கர் என்றால் 125 வையுங்கள். ஆஸ்திரேலியர் என்றால் 150. ஆஸ்திரேலியரின் டேபிள்ஸ்பூன் 20 மில்லி, மற்றவர்களுக்கு 15. டீஸ்பூன் எல்லோருக்கும் 5. வெண்ணெய்க்கு 'ஒரு ஸ்டிக்' என்றிருந்தால் 113 கிராம். நம் கடையில் கிடைக்கும் 100 கிராம் கட்டியை அப்படியே ஒரு ஸ்டிக்காகப் போட்டால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும்.

நீங்கள் சொன்ன மாதிரி ஒரு கேரட் கேக்கை மாற்றிப் பார்ப்போம். வழக்கமான அமெரிக்கச் செய்முறை இப்படி இருக்கும்: 2 கப் மைதா, 2 கப் சர்க்கரை, 1 கப் எண்ணெய், 4 முட்டை, 3 கப் கேரட் துருவல், 2 டீஸ்பூன் சமையல் சோடா, 1 டீஸ்பூன் உப்பு, பட்டைத் தூள். மைதா 250 கிராம், சர்க்கரை 400, எண்ணெய் 237 மில்லிக்கு 218 கிராம். முட்டை ஓடில்லாமல் ஒன்று 50 என்று 200. நாட்டுக்கோழி முட்டை சின்னது, அதனால் எண்ணாமல் உடைத்து எடை போடுங்கள். சோடா டீஸ்பூனுக்கு 5 என்று 10 கிராம், உப்பு 6. கேரட்தான் இதில் வம்பு. கப்பில் லேசாகப் போட்டால் 110 கிராம், அமுக்கினால் 150 வரை போகும். ஆக 3 கப் என்பது 330 ஆகவும் இருக்கலாம், 450 ஆகவும் இருக்கலாம். அந்த 120 கிராமில் பெரும்பகுதி தண்ணீர். நான் 330லிருந்து தொடங்கச் சொல்வேன். கேத்தி பாலாடா பக்கத்துக் கேரட் இளசாக, சாறு நிறைந்து இருக்கும். அதை 450 போட்டால் கேக் நடுவில் களியாகிவிடும். வாங்கும்போது தோல், காம்பு போக எவ்வளவு தேறும் என்று ஒரு தடவை எடை பார்த்து நோட்டில் எழுதிவிட்டால், சந்தையில் கணக்குப் போட வேண்டியதில்லை.

சரி, இப்போது மலைக் கோளாறு. நீங்கள் எவ்வளவு துல்லியமாக மாற்றினாலும் மேலே சொன்ன 10 கிராம் சோடா கோத்தகிரியில் அதிகம். உங்கள் ஊர் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் முக்கால் பங்குக்குப் பக்கம். அழுத்தம் குறைந்தால் அதே சோடா விடும் வாயு அதிக இடத்துக்கு விரியும். மாவு இறுகுவதற்கு முன்பே குமிழ்கள் பெரிதாகி உடைந்து, கேக் வேகமாக எழும்பிவிட்டு நடுவில் உட்கார்ந்துவிடும். உங்கள் கேக் குழிவதற்கு முதல் சந்தேகம் இதன்மேல்தான். கூடவே தண்ணீர் உங்கள் ஊரில் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, ஈரம் சீக்கிரம் ஆவியாகும், மிஞ்சும் மாவில் சர்க்கரையின் செறிவு கூடும். சர்க்கரை கூடினால் கேக் இறுகுவது தாமதமாகும். இரண்டும் சேர்ந்தால் குழிதான்.

திருத்தம் இப்படி: சோடாவை 10லிருந்து ஏழரைக்கு இறக்குங்கள். சர்க்கரையைக் கப்புக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் வரை குறைக்கலாம். ஒரு டேபிள்ஸ்பூன் பன்னிரண்டரை கிராம், ஆக 400ஐ 360 சுமாருக்குக் கொண்டுவாருங்கள். 30, 40 கிராம் பால் சேருங்கள். அடுப்புச் சூட்டை 175 என்றிருந்தால் 185க்கு ஏற்றி, சில நிமிடம் முன்னதாகவே பார்க்கத் தொடங்குங்கள். ஒரே நேரத்தில் நான்கையும் மாற்றாமல் முதலில் சோடாவை மட்டும் குறைத்துப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். கிராமுக்கு மாற்றுவதன் உண்மையான பலன் இங்கேதான். கப்பில் அளக்கும்வரை, இந்த முறை குழியாததற்குக் காரணம் குறைத்த சோடாவா, தெரியாமல் கூடிப்போன மைதாவா என்று சொல்லவே முடியாது. எடை போட்டுச் செய்தால் நீங்கள் மாற்றியது ஒன்று மட்டும்தான் மாறியிருக்கும்.

மலை உயரத்தில் தராசே தப்பாகக் காட்டாதா என்று சிலர் கேட்பதுண்டு. மேலே போகப் போகப் புவியீர்ப்பு குறைவது உண்மை, ஆனால் ஊட்டி உயரத்திலும் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம்கூட வராது. சமையலறையில் அதை மறந்துவிடலாம்.

மறக்கக் கூடாதது ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நன்றாகவே பிடிக்கும். அடுக்கடுக்காக மேகம் சமையலறைக்குள்ளேயே வரும் நாட்களில் திறந்த டப்பா மைதா ஈரத்தை இழுத்துக்கொள்ளும், 100 கிராம் மாவில் ஒன்றிரண்டு கிராம் கூடுதல் தண்ணீராக இருக்கும். எடையிலும் அந்தத் தப்பு உண்டுதான், ஆனால் அது ஒன்றிரண்டு சதவீதம்; கப்பில் வரும் தப்பு இருபதைத் தாண்டும். ஈரம் பட்ட மைதா ஒட்டிக்கொண்டு முகப்பதற்கு ஒரு மாதிரியும், கிளறினால் ஒரு மாதிரியும் இருப்பதால் கப்பின் தப்பு மழைக்காலத்தில் இன்னும் கூடும். கட்டி தட்டிய சர்க்கரையும் அப்படியே, கட்டிகளுக்கு நடுவே இடம் விட்டுக் கப் நிறைந்துவிடும். மாவை இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ரொட்டி மாவு பிசையும்போது மழை நாளில் சொன்ன தண்ணீரில் ஒரு 10, 15 கிராமை ஒதுக்கி வைத்துக்கொண்டு, பதம் பார்த்துக் கடைசியில் சேருங்கள்.

தராசு விஷயம். 5 கிலோ வரை, ஒரு கிராம் துல்லியத்தில் காட்டும் சாதாரண டிஜிட்டல் தராசு போதும். ஆனால் அது 2, 3 கிராமை நம்பும்படியாகக் காட்டாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் சில தராசுகள் எண்ணை நகர்த்தவே நகர்த்தாது. சோடா, ஈஸ்ட், உப்புக்கு நகைக்கடைகளில் பயன்படுத்தும் மாதிரியான சின்ன பாக்கெட் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அல்லது அந்த மூன்றையும் மட்டும் அளவு ஸ்பூனில் தலைதட்டி அளந்துகொள்ளுங்கள். உடனடி ஈஸ்ட் டீஸ்பூனுக்கு 3 கிராம். டீ கலக்கும் ஸ்பூன் 5 மில்லி இல்லை, அதை இதற்கு எடுக்காதீர்கள். தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க எடைக்கல் தேவையில்லை. இரட்டை உலோகப் பத்து ரூபாய் நாணயம் ஒன்று ஏறக்குறைய 7.7 கிராம், பத்து நாணயத்தை வைத்தால் 77 காட்ட வேண்டும். காலைக் குளிரில் எடுத்தவுடன் எண் ஆடினால், கொஞ்ச நேரம் ஆன் செய்து வைத்துவிட்டுப் பூஜ்யமாக்குங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

குன்னூர்க்காரர்களுக்கு ஸ்பூனை நம்பாதே என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. டீ ருசி பார்க்கிறவர்கள் ஒவ்வொரு கோப்பைக்கும் தூளை எடை போட்டுத்தான் போடுவார்கள். உலகத் தர முறை 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம். ஒரு ஸ்பூன் டஸ்ட் டீயும் ஒரு ஸ்பூன் லீஃப் டீயும் பார்வைக்கு ஒரே அளவுதான், ஆனால் முறுக்கிய பெரிய இலைகளுக்கு நடுவில் முழுக்கக் காற்று. வீட்டில் டஸ்ட்டிலிருந்து லீஃபுக்கு மாறிய முதல் நாள் டீ தண்ணியாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

எல்லாவற்றையும் எடை போட வேண்டுமா என்றால், வேண்டாம். இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்று அதே டம்ளரால் அரிசியும் உளுந்தும் போடுகிறீர்கள். இரண்டின் அடர்த்தியும் பக்கத்துப் பக்கத்தில், விகிதம் எப்படியும் நிற்கும். சாதத்துக்குத் தண்ணீரும் டம்ளர் கணக்கே சரி. குழம்பு, பொரியல், துவையலுக்கெல்லாம் கிராம் பார்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். மாவு, சர்க்கரை, கொழுப்பு, பொங்க வைக்கும் சரக்கு இந்த நான்கும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டு நிற்கும் கேக், ரொட்டி, பிஸ்கட் வகைகளுக்குத்தான் தராசு.

மாற்றிய செய்முறையை எழுதும்போது இன்னொன்றும் செய்யுங்கள். மைதாவை 100 என்று வைத்து மற்றதை அதற்கு இத்தனை என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மேலே சொன்ன கேரட் கேக்கில் திருத்தத்துக்குப் பிறகு மைதா 100க்குச் சர்க்கரை 144, எண்ணெய் 87, முட்டை 80, சோடா 3. வர்க்கி போடும் பேக்கரிகளில் மூட்டைக்கு இத்தனை கிலோ சர்க்கரை என்று பேசுவதும் இதே கணக்குத்தான். டிசம்பரில் ஆர்டர் மூன்று மடங்கானால் ஆறு கப், ஒன்பது கப் என்று எண்ணி நடுவில் தொலைத்துவிட்டு நிற்க வேண்டாம், பெருக்கினால் போதும். சோடாவுக்கும் அதே பெருக்கல்தான்.

கடைசியாக, நீங்கள் விற்பது கிலோ கணக்கில். மாவுக் கலவை ஒரு கிலோ என்றால் கேக் ஒரு கிலோ வராது. வேகும்போது ஈரம் போய்ப் பத்து சதவீத அளவுக்குக் குறையும், மலையில் சற்றுக் கூடவும் குறையலாம். ஒரு கிலோ கேக்குக்கு 1,120லிருந்து 1,150 கிராம் வரை கலவை ஊற்றுங்கள், அதையும் தராசிலேயே ஊற்றுங்கள். கேக் தகரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், நம் உயரத்தில் அது வழிந்து அடுப்பை நாசமாக்கும். முதல் கேக் ஆறிய பிறகு எடை பார்த்து, எவ்வளவு குறைந்தது என்பதை அந்தச் செய்முறைக்குக் கீழேயே எழுதிக்கொள்ளுங்கள். தகரத்தின் அகலமும் அடுப்பும் மாறினால் அந்த எண்ணும் மாறும்.